ஏழாயிரத்தாருக்குக் கதவு இல்லை

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். செல்போன் பேட்டரிக்கு ஏது முன்னொரு காலம்? போன மழைக்கு முந்தின மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் விளைகிற மலையில் குளிர்ந்தபாறை என்று ஒரு ஊர் இருந்தது. அங்கே மேகம் மேலே இருக்காது. தெருவில் ஆடு மாதிரி மேய்ந்துவிட்டுப் போகும்.

மத்தியானம் சாய்ந்தால் மேகம் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிடும். உப்பு கசியும். தீப்பெட்டி நமத்துப்போகும். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் பாதி தெரிவார், பாதி தெரியமாட்டார். மனுஷர்களுக்குக் கண் சொக்குகிற அந்த நேரத்தில்தான் சாமான்களுக்கு வாய் திறக்கும். நம்பாதவர்கள் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் வந்து என்னிடம் சண்டை போடலாம்.

ஒச்சம்மாளின் வீடு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. எதிர்மூலையில் கட்டில், அதை ஒட்டி ஒரு ஜன்னல். ஜன்னல் திட்டில் இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

புதுப்போன் ஒச்சம்மாளுடையது. திருப்பூரில் இருக்கிற அவள் தம்பி வாங்கிக் கொடுத்தது. அதற்குள்ளே அகலமாக, கனமாக ஒரு பெரிய பேட்டரி படுத்திருந்தது. அட்டைப்பெட்டியில் ஏழாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எது ஏழாயிரம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பெரிய சமாச்சாரம் என்று மட்டும் தெரிந்தது. அதனால் சாமான்கள் எல்லாம் அந்தப் பேட்டரியை ஏழாயிரத்தார் என்று மரியாதையாகவே கூப்பிட்டன. மரியாதை குறைந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

பழைய போன் அவள் புருஷன் தவசியுடையது. அதன் முதுகு மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே ஒரு பேட்டரிக்குத்தான் இடம். ஆனால் பேட்டரிகள் இரண்டு. ஒன்றுக்குச் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், இன்னொன்றுக்குப் பச்சை நூல். சிவப்பு நூல்காரி செவந்தி. பச்சை நூல்காரி பச்சை. அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் எதற்கு என்று கேட்பீர்கள். குளிர்ந்தபாறைக்குக் கரண்டு என்பது விருந்தாளி. வந்தால் உண்டு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மொக்கராசுவின் ஜீப் ஏலக்காய் மூட்டையோடு கீழே போகும்போது அதன் கண்ணாடியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். தீர்ந்துபோன பேட்டரிகளை எல்லாரும் அந்தப் பைக்குள் போடுவார்கள். அடிவாரத்து டீக்கடையில், பேட்டரியை இரண்டு காலால் கவ்விப் பிடிக்கிற சார்ஜர்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சாயங்காலம் ஜீப் ஏறும்போது பேட்டரிகள் நிறைந்து திரும்பி வரும். எது யாருடையது என்று மொக்கராசுவுக்குத் தெரியத்தான் நூல். போன் வீட்டிலேயே இருக்கும், உயிர் மட்டும் ஊருக்குப் போய்வரும்.

ஆக, செவந்தி போனுக்குள் இருந்தால் பச்சை வெளியே. பச்சை உள்ளே வந்தால் செவந்தி வெளியே. இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது தவசியின் உள்ளங்கையில் மட்டும்தான், அதுவும் ஒருத்தியை எடுத்து இன்னொருத்தியைப் போடுகிற அந்தக் கொஞ்ச நேரம். அதற்குள் போகிறவள் வருகிறவளிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். தவசி அண்ணனுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மழை சாரல் ஜன்னல் பக்கம் அடிக்கிறது, இப்படி ஏதாவது.

ஏழாயிரத்தாருக்கு இதைப் பார்த்தால் இளக்காரம்.

"பாதிநாள் நாற்காலி, பாதிநாள் நடுத்தெரு. என்னம்மா பொழப்பு இது?" என்பார்.

"தெருவும் நல்லாத்தான் இருக்கும்" என்பாள் செவந்தி. அவள் கொஞ்சம் கனவுக்காரி. "கீழே இறங்க இறங்க மேகம் மேலே ஏறிடும். திரும்பிப் பாத்தா நம்ம ஊரே இருக்காது, வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ள எங்கயோ நம்ம வீடு இருக்கு, பச்சை அங்க முழிச்சிக்கிட்டு இருக்கானு நெனச்சுக்கிட்டே தூங்கிருவேன்."

ஏழாயிரத்தாருக்கு அந்த வெள்ளையைப் பற்றி இன்னும் கேட்க ஆசைதான். ஆனால் கேட்டால் கௌரவம் என்ன ஆவது? எனக்குக் கதவு கிடையாது என்று ஆரம்பித்துவிடுவார். பசை போட்டு, ஒட்டி, மூடி, முத்திரை வைத்த வீடு அவருடையது. என்னை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இந்தப் போனைக் கொல்ல வேண்டும், நானும் அதுவும் ஒரே உயிர், நான் இல்லாவிட்டால் அது இல்லை என்பார். பொய் இல்லை, அந்தப் போன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

பச்சைக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "நீங்க இல்லாட்டி அது செத்துப்போகும்கிறது பெருமையாங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அன்றைக்கு அப்புறம் ஏழாயிரத்தார் வெகுநாள் வாயைத் திறக்கவில்லை.

இனி மனுஷர்கள் கதைக்கு வருகிறேன். தவசி மிளகுக்கொடி கட்ட ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, ஆடி மாதத்துச் சாரலில் வழுக்கி விழுந்தவர். இடுப்பெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து கட்டிலே கதி. பேட்டரியை மாற்றுவதுதான் அவர் கையால் செய்துகொள்கிற ஒரே வேலை. மற்றதெல்லாம் ஒச்சம்மாள். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, முதுகுக்குப் பவுடர் போடுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுக்க வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவாள். அவருக்கு என் கை பட்டால்தான் வலிக்காது என்பாள். சொல்லிச் சொல்லி அது ஊருக்கே தெரிந்த செய்தியாகிவிட்டது.

இந்த நிலையில் அவள் வயிற்றுக்குள்ளேயே ஒரு கட்டி வந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். கட்டில் காலியானதும் போன் செய்வோம், மறுநாளே வந்துவிட வேண்டும், தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது, கட்டியும் அதுவரை சும்மா இருக்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார். ஒச்சம்மாள் புதுப்போனின் நம்பரைக் கொடுத்துவிட்டு மலையேறி வந்தாள். வந்தவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் போனால் இவரை யார் பார்ப்பது என்று அடுப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பார்க்க ஆள் வந்தாள். தவசியின் தங்கை வீராயி, நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். விஷயம் தெரிந்ததும் லீவு சொல்லிவிட்டு மலையேறி வந்துவிட்டாள். ஒச்சம்மாள் நாத்தனாரை நன்றாகத்தான் கவனித்தாள். பூண்டு உரிக்க விட்டாள், விறகு அடுக்க விட்டாள். அண்ணன் பக்கம் மட்டும் விடவில்லை. வீராயி துண்டை எடுத்தால் ஒச்சம்மாள் துண்டைப் பிடுங்குவாள். வீராயி கஞ்சிக் கிண்ணத்தைத் தொட்டால் சூடு அதிகம், உனக்குத் தெரியாது என்பாள். ஒருத்தி விடாக்கண்டி, இன்னொருத்தி கொடாக்கண்டி. நடுவில் தவசி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்போது பார்த்து மழை பிடித்தது. பெரிய மரம் ஒன்று கம்பி மேல் சாய, கரண்டு போயே போய்விட்டது. இனி மழை விட்டால்தான் ஆள் வரும் என்று செய்தி வந்தது. எதிர்மலை டவருக்கு ஜெனரேட்டர் உண்டு, ஆகவே போனுக்கு உயிர் இருந்தால் பேசலாம். செவந்தியும் பச்சையும் வழக்கம்போல மஞ்சப்பையில் மாறி மாறிப் போய்வந்தார்கள். ஏழாயிரத்தார் எங்கே போவார்? அவரை அனுப்ப வேண்டுமென்றால் போனையே அனுப்ப வேண்டும். போன் கீழே போயிருக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால்?

அவர் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தார். நான் தாங்குவேன் என்றார். தாங்கவும் தாங்கினார். பெரியவர் பெரியவர்தான், அதில் குறை சொல்லக்கூடாது. ஆனால் ஊற்று இல்லாத குளம் எத்தனை நாளைக்கு? மழை நிற்கவில்லை. அவருக்குள் இருட்டு ஓரத்திலிருந்து உள்ளே வர ஆரம்பித்தது.

வீராயி பார்த்துவிட்டுச் சொன்னாள். மதினி, இதுக்குள்ள இருக்கிற சிம்மை எடுத்து அண்ணன் போனில் போட்டுவிடலாம், உன் நம்பர் அதில் கேட்கும், அதில்தான் பேட்டரி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்றாள். மில் ஹாஸ்டலில் பிள்ளைகள் தினமும் செய்கிற காரியம். ஒச்சம்மாள் அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் வேண்டாம் என்று வீராயி விடவில்லை. மில்லில் தன் ஷிப்ட் முடிந்து இன்னொருத்தி வரும்போது எப்படி இருக்கும் என்று சொல்லத் தொடங்கினாள்.

"மிஷின் நிக்கவே நிக்காது மதினி. ஆளுதான் மாறும். நான் எந்திரிச்சாத்தானே அடுத்தவ உக்கார முடியும்?"

"உங்கண்ணன் மிஷினா?" என்று கேட்டாள் ஒச்சம்மாள். வீராயி விறகு அடுக்கப் போய்விட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒச்சம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது, அதை அவளே திரும்பிப் பார்க்கவில்லை. போன் செத்துவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட முடியாது. கூப்பிடாவிட்டால் போக வேண்டாம். போகாவிட்டால் புருஷனை இன்னொருத்தி கையில் கொடுக்க வேண்டாம். அந்த நினைப்பு அவளுக்கு நிம்மதியாக இருந்தது, கட்டி வளர்கிற வலியையும் மீறி.

இருந்தாலும் போன் கண்ணெதிரே சாவதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. குளிர்ந்தபாறையில் எந்த நோய்க்கும் மருந்து சூடு. அடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு மூங்கில் தட்டு தொங்கும். நமத்துப்போன தீப்பெட்டி, கசிந்த உப்பு, காயாத துணி எல்லாம் அதில்தான் உயிர் பெறும். மங்கிப்போன டார்ச் பேட்டரிக் கட்டையைக்கூட அதில் போட்டு எடுத்தால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கும். அந்த ஊர்க்காரி வேறு என்ன செய்வாள்? புதுப்போனை ஒரு துணியில் சுற்றி அந்தத் தட்டில் வைத்தாள். ஈரத்தில் இறங்கின சார்ஜு சூட்டில் ஏறிவிடும் என்று நம்பினாள்.

ஏழாயிரத்தாருக்கு முதலில் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் காய்ச்சல் மாதிரி அடித்தது. காய்ச்சலில் கனவு வந்தது. கனவில் அவர் ஒரு வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார். காலுக்குக் கீழே பாதை இல்லை, ஆனால் விழவும் இல்லை. எதிரே ஆயிரம் ஜன்னல் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. இந்த விளக்கெல்லாம் நான்தானே எரிக்கிறேன் என்று கேட்டார். இல்லை என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அப்படியானால் நான் யார் என்று கேட்டார். பதில் வருவதற்குள் அவர் வயிறு உப்ப ஆரம்பித்தது.

மத்தியான மேகம் வீட்டுக்குள் வந்தது. கண்விழித்த ஏழாயிரத்தார் கட்டில் பக்கம் காதைக் கொடுத்தார். தவசியின் பழைய போனுக்குள் பச்சை முழித்திருந்தாள். செவந்தி கீழே போயிருந்தாள்.

"பச்சை" என்று கூப்பிட்டார். இதுவரை அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உன்னை எடுத்துட்டு அவளைப் போடும்போது உனக்கு வலிக்காதா?"

பச்சை கொஞ்சம் யோசித்தாள். "வலிக்கும். ஒவ்வொரு தடவையும் வலிக்கும்" என்றாள். "ஆனா அந்தப் பக்கம் போன் அணையாது பாருங்க. அது போதும்னு இருக்கும்."

ஏழாயிரத்தார் இருக்கிற கடைசிச் சொட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் போயிற்று. திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. உப்பின வயிறு மட்டும் நிற்காமல் உப்பி, பசை விட்டு, முதுகு ஓடு பட்டென்று ஒரு பக்கம் திறந்துகொண்டது. அந்தச் சந்து வழியாக, துணி இடுக்கில், அவர் முதன்முதலாக மேகத்தைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு ஒச்சம்மாள் தட்டை இறக்கினாள். துணியைப் பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வழவழவென்று இருந்த போன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வாய் பிளந்து கிடந்தது. அவள் கை தானாகப் போய்த் தன் அடிவயிற்றைத் தொட்டது. வீராயி ஓடிவந்து, வெடித்தாலும் வெடிக்கும் மதினி என்று போனை வாங்கி, வாசலில் இருந்த சாம்பல் தகரத்துக்குள் பதமாக வைத்தாள்.

கட்டிலில் கிடந்த தவசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியிலிருந்து அதிகம் பேசாத மனுஷன். இப்போது தலையைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீயும் இப்படித்தான் கெடக்க, ஒச்சு" என்றார். "எல்லாத்தையும் ஒனக்குள்ளயே வச்சு மூடிக்கிட்டு. நீ போயிட்டா அப்புறம் எனக்கு யாரு? அப்பவும் இவதான வந்து பாக்கணும். இப்பவே பாக்கட்டுமே, நீ உசுரோட இருக்கையிலயே."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை. ஒச்சம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் பார்த்ததற்கு இதுதானா கூலி என்று வாய்வரை வந்தது. அப்புறம் கோபம் எங்கேயோ போய், பயம் மட்டும் நின்றது. செத்துவிடுவோம் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை. அவளுக்குத்தான் நேரமே இல்லையே.

எழுந்து தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். வீராயியிடம் நீட்டினாள்.

"எடு அந்தச் சிம்மை" என்றாள்.

வீராயி தகரத்தின் பக்கம் குனிந்து, ஊக்கு முனையால் குத்தி, சிம்மை வெளியே எடுத்தாள். நகத்தளவுகூட இல்லை. சிம்மோடு வந்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் அதைப் பதித்து, தவசியின் போனில் காலியாக இருந்த இரண்டாவது சிம் இடத்தில் செருகினாள். பச்சை ஒரு புது ஆளின் பாரம் தன்மேல் ஏறுவதை உணர்ந்தாள். கொஞ்சம் பொறு, நம்பர் வரட்டும் என்றாள் வீராயி. நம்பர் வந்தது. கூடவே, போன் அணைந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது.

வீராயி போனை நீட்டினாள். பேசு என்று சொல்லவில்லை. ஒச்சம்மாள் புருஷனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், தானே பொத்தானை அழுத்தினாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு நர்ஸம்மா எரிச்சலாகப் பேசினார். கட்டிலை நாளைக் காலை வரைக்கும்தான் வைத்திருப்போம், வருகிறீர்களா, இல்லை அடுத்த ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்றார்.

"வர்றேம்மா" என்றாள் ஒச்சம்மாள்.

அன்று சாயங்காலம் அவள் வீராயிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இடது பக்கம் புரட்டும்போது முழங்காலுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும். கஞ்சிக்கு உப்பு கம்மி. முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீராயி சொன்னபடி புரட்டிப் படுக்கவைத்தாள். வலிக்குதாண்ணே என்று கேட்டாள். வலிக்கல என்றார் தவசி. கேட்ட ஒச்சம்மாளின் முகம் வாடிவிட்டது. வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மனசு அப்படி எல்லாம் சொன்னபடி கேட்காது.

காலையில் ஜீப் வந்தது. ஒச்சம்மாள் தன் சிம்மை முந்தானையில் முடிந்துகொண்டு முன்சீட்டில் ஏறினாள். செவந்தி முதல்நாள் மாலையே நிறைந்து வந்து தவசியின் போனுக்குள் உட்கார்ந்துவிட்டாள். தீர்ந்துபோன பச்சை கண்ணாடியில் தொங்கும் மஞ்சப்பைக்குள் கிடந்தாள். சாம்பல் தகரத்துக்குள் ஏழாயிரத்தார் பின்சீட்டுக்குக் கீழே இருந்தார். பாதி வழியில் மேகம் ஜீப்புக்குள் வந்தது.

"அங்க போய் நான் என்ன ஆவேன்?" என்று கேட்டார் ஏழாயிரத்தார். அவர் குரலில் பழைய கனம் இல்லை.

பச்சைக்குப் பொய் சொல்ல வராது. "எங்களை நெரப்பி அனுப்புவாங்க. உங்களை எடுத்துட்டு வேற ஒருத்தரை வைப்பாங்கன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

"பசை போட்டிருக்கே. எப்படி எடுப்பாங்க?"

"எடுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. கதவு இல்லாத வீடு எங்கயும் கெடையாதாம். தெறக்கிறவங்க கைக்குத் தெரியுமாம்."

ஜீப் வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியது.

"போன் திரும்ப எரியுமா?" என்று கேட்டார் ஏழாயிரத்தார் கடைசியாக.

"எரியும்."

"அப்பச் சரி" என்றார்.

ஒச்சம்மாளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, மொக்கராசு போனைச் செல்போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் சூடு காட்டி, மெல்லிசுத் தகடு விட்டு, ஏழாயிரத்தாரை மெல்ல நெம்பி எடுத்து மேஜை ஓரமாக வைத்தார். அவர் படுத்திருந்த இடத்தில் அவர் அளவுக்கே ஒருவர் வந்து படுத்தார். போன் எரிந்தது. ஏழாயிரத்தாருக்கு நெஞ்சில் முள் குத்தினாற்போல் இருந்தது. பச்சை சொன்னது சரிதான், வலிக்கத்தான் செய்கிறது.

அப்புறம் அவர் திரையைப் பார்த்தார். அதில் ஒரு படம் இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் தவசியும் ஒச்சம்மாளும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஏழாயிரத்தாருக்கோ தன் முகமே தெரியாமல் இருந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தப் படத்துக்கு வெளிச்சம் கொடுத்தவர் அவர்தான், ஆனால் பின்னால் படுத்துக்கிடந்தவர் அதை எப்படிப் பார்த்திருப்பார்? இவ்வளவு அழகான படமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க, அந்த வெளிச்சம் தன்னுடையது இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, பிழைத்தாய் என்றார் டாக்டரம்மா. மயக்கம் தெளிந்து, போன் கைக்கு வந்ததும் ஒச்சம்மாள் முதல் வேலையாக வீட்டுக்குப் பேசினாள். வீராயிதான் எடுத்தாள். அண்ணன் கஞ்சி குடித்தார், துடைத்துவிட்டாச்சு, முதுகில் சிவப்பு குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒச்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்கிட்ட கொடு என்றாள்.

"நான் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒன்று கெஞ்சியது.

"கஷ்டமாத்தான் இருக்கு, ஒச்சு" என்றார் தவசி. "ஆனா நடக்குது."

அவள் போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பாதி வருத்தம். மீதிப் பாதி என்னவென்று யோசிப்பதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.